பழக்கமும் ஞானமும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் தேதியோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு மேலும் ஓராண்டுத் தவணை கொடுத்தார்கள். அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொள்ளலாம் என்றாலோ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2018ஆம் ஆண்டுக்குப் பின் வந்த செயலியும் கணினியில் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. காவிரியோடு பவானி கூடுகிற எங்கள் ஊரில், திருமணப் பத்திரிகை வடிவமைக்கும் டி.டி.பி. கடைகளிலும், ஜெராக்ஸ் கடைகளிலும், ஜமக்காள வியாபாரிகளின் கணக்கறைகளிலும் இன்று ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பல இந்த நிபந்தனைக்கு வெளியே நிற்பவை. அவை பழுதானவையுமல்ல, ஓய்ந்தவையுமல்ல. காலையில் பொத்தானை அழுத்தினால் இரவு கடை சாத்தும்வரை சலிக்காமல் உழைப்பவை.

இப்படிப்பட்ட கணினியின் சொந்தக்காரருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்றும் நடவாதது போல இருந்துவிடலாம். புதுக் கணினி வாங்கலாம். அல்லது பழைய கணினியிலேயே லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவி அதைக் கற்றுக்கொள்ளலாம். முதல் வழியில் போகிறவர்களே அதிகம். பணம் உள்ளவர்கள் இரண்டாவது வழியை நாடுகிறார்கள். மூன்றாவது வழியைப் பற்றி நான் பேச்செடுத்த இடங்களிலெல்லாம், எதிர்ப்பாகவோ ஆதரவாகவோ ஒரு வாதம் எழுந்ததில்லை. “அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க” என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எது ஒத்து வரவில்லை, எப்போது பார்த்தீர்கள் என்று மேலும் கேட்டால், பார்த்ததில்லை என்பதே பெரும்பாலும் பதில். பார்த்து, பயின்று, குறை கண்டு ஒதுக்கியவனுடைய தீர்ப்புக்கு மதிப்பு உண்டு. பார்ப்பதற்கு முன்பே பிறக்கும் இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதே பல நாளாக என் மனத்தை வாட்டிக்கொண்டிருக்கும் கேள்வி.

இந்த விஷயத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 2006, 2007ஆம் ஆண்டுகளில், உமாசங்கர் என்னும் ஐ.ஏ.எஸ். அதிகாரி நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட் தன் சொந்த அலுவலகத்துக் கணினிகளையே முதலில் சூசே லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டு, பிறகு அரசுப் பள்ளிகளுக்கான கணினிகளையும் அந்த இயங்குதளத்தோடே வாங்கிற்று. அதே 2007ஆம் ஆண்டில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையிலிருந்து, டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, ‘பாஸ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாரத் இயங்குதளத்தை, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் வசதியோடு வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு இந்தப் பாஸும் சேர்ந்தே இருந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆயுள் முடிந்தபோது, அதற்குப் பதிலாகப் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி மாநில அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தவும் செய்தது. அந்த மடிக்கணினித் திட்டத்தில் மட்டும் ஐம்பது லட்சத்தை ஒட்டிய கணினிகள் இளைஞர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு மாநிலத்தின் ஒரு தலைமுறை மாணவர்கள் அத்தனை பேரும் இரண்டு இயங்குதளங்களை ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம், உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்தச் சந்தர்ப்பம் என்னவாயிற்று என்பதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் கண்ணாரக் கண்டவன் நான். கணினி கைக்கு வந்த வாரத்திலேயே பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பாஸ் இருந்த பகுதியை அழித்து, அந்த இடத்தையும் சேர்த்துத் திருட்டுப் பிரதியான வேறொரு விண்டோஸை நிரப்பிக் கொடுத்தார். மீந்த இடத்தில் திரைப்படங்கள் ஏறின. பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இயங்குதளத்தை ஏன் வைத்திருக்கிறார்கள், அதில் என்ன செய்யலாம், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு மணி நேரமாவது அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தால் அவர்கள் அதை அழித்திருக்க மாட்டார்கள் என்பதே என் நம்பிக்கை. பொருளைக் கொடுத்தோம், வித்தையைக் கொடுக்கவில்லை.

வித்தை வகுப்பறையில் இருக்கவில்லையா என்று கேட்கலாம். பாடப்புத்தகத்தில் இருந்தது. மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்தில் வெகு காலம் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் இருந்தது. பின்னர் 2018ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத்தில் ஓப்பன் ஆபீஸும் உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பும் இடம்பெற்றன. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை இருக்கிறது, எந்த விசைகளைச் சேர்த்து அழுத்தினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் ஒரு மதிப்பெண் வினாக்களாக மனப்பாடம் செய்யப்பட்டன. ஆய்வகக் கணினியை வாரத்துக்கு ஒருமுறை தொட்ட மாணவன் அந்த விடைகளைப் பிழையில்லாமல் எழுதித் தேறினான். தேறிய மறுநாளே மறந்தான். விளக்கத்தை விட்டுவிட்டு விலாசத்தை மட்டும் உருப்போட்டால் வேறென்ன நேரும்? பட்டியல் அடுத்த பதிப்பில் இடம் மாறினால் அந்தப் படிப்பு முழுவதும் வீணாகிவிடுகிறது.

பழக்கம் வேறு, ஞானம் வேறு என்பதை நாம் இந்தத் துறையில் மறந்தே போனோம். இருபது ஆண்டு விண்டோஸோடு வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் விண்டோஸை அறிவார்கள்? தாம் சேமித்த கோப்பு எந்தக் கோப்புறையில் போய் உட்கார்ந்தது என்று தேடித் தவிப்பவர்களையும், வந்துகொண்டேயிருக்கும் திருத்தங்களைத் தொந்தரவென்று கருதி நிறுத்திவைப்பவர்களையும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி ‘வான்னாக்ரை’ என்ற நாசநிரல் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, அதைத் தடுக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் தேதியே, வெளிவந்திருந்தது. அதை நிறுவாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு வாடகை வீட்டில் இருபது ஆண்டு குடியிருந்தும் தண்ணீர்க் குழாயின் மூல அடைப்பான் எங்கே இருக்கிறதென்று தெரியாதவனுடைய நிலை இது. குழாய் உடையும் நாள்வரை அந்த அறியாமை அவனை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே நான் பேசுவது விண்டோஸா லினக்ஸா என்ற கட்சிப் பேச்சல்ல. எதை வைத்துக்கொண்டாலும் அதை முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் எழாமல் போனது ஏன் என்பதுதான் என் விசாரம். புதிய இயங்குதளம் ஒன்று எதிரில் வந்து நிற்கும்போது இந்தக் குறை வெட்டவெளிச்சமாகிறது, அவ்வளவே.

இதை நான் கேட்பதற்குக் காரணம், கற்பதற்கு அஞ்சுகிற ஜனங்களல்ல நாம் என்பதே. இதற்கு என்னிடம் ஓர் அத்தாட்சி இருக்கிறது. கொங்கு நாட்டின் எந்தச் சிற்றூரை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஒரு தட்டச்சு நிலையம் இருந்தது. பல ஊர்களில் இன்னமும் இருக்கிறது. விடியற்காலை ஆறு மணி வகுப்புக்கு, தலைவாரிப் பூச்சூடிய பெண்களும், குளித்துத் திருநீறு பூசிய பையன்களும் வந்து வரிசையாக உட்கார்ந்து, இடக்கை விரல்களுக்கு ஒரு வரிசை, வலக்கை விரல்களுக்கு ஒரு வரிசை என்று, பொருளே இல்லாத எழுத்துக் கோவைகளை நாள்கணக்கில், வாரக்கணக்கில் அடித்துப் பழகினார்கள். இந்த எழுத்து ஏன் இங்கே இருக்கிறது, அகர வரிசையில் இருந்தாலாகாதா என்று எவரும் முறையிடவில்லை. விசைகளைக் குனிந்து பார்த்து அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒருவர் குறுக்குவழி தேடினால், பயிற்றுநர் அவரை அனுமதிக்கவில்லை. ஆண்டுக்கு இருமுறை தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் வேகத் தாள் ஒன்று, கடிதமும் அட்டவணையும் அடிக்கும் தாள் ஒன்று என இரண்டும் எழுதித் தேறி, இளநிலை முடித்தவர்கள் முதுநிலைக்குப் போனார்கள்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொரு விஷயம். அவர்களில் மிகப் பலர் ஆங்கிலத் தட்டச்சோடு தமிழ்த் தட்டச்சையும் கற்றார்கள். தமிழ்ப் பொறியின் விசைப் பலகை ஆங்கிலப் பொறியின் பலகையோடு எந்த விதத்திலும் ஒத்தது அல்ல. ஒரு பொறியில் கைகள் பழகிய பாதை மற்றொன்றில் உதவவே உதவாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். அப்படியிருந்தும், ஒரே காலத்தில், ஒரே கைகளால், இரண்டு அமைப்புகளையும் தனித்தனியாகக் கற்றுத் தேறிய ஆயிரமாயிரம் பேர் இந்த மண்ணிலே தோன்றினார்கள். ‘தமிழ்ப் பொறி ஆங்கிலப் பொறியைப் போல் இல்லையே’ என்பதை அவர்கள் தமிழ்ப் பொறியின் குற்றமாகக் கொள்ளவில்லை. அது வேறு பொறி, அதற்கு வேறு அப்பியாசம் என்று ஏற்றுக்கொண்டார்கள். இந்த எளிய சம்மதம், இந்த விநயம், கணினி வந்தபோது எங்கே போய் ஒளிந்தது?

அது போனதற்குக் காரணம் சொல்ல முயல்கிறேன். தட்டச்சுப் பொறி தன்னைக் கற்காதவனுக்கு எதையும் தருவதில்லை. கற்காமல் உட்கார்ந்தவன் உடனே தன் அறியாமையை உணர்ந்தான். கணினியோ படங்களையும் பொத்தான்களையும் காட்டி, கற்காதவனுக்கும் பாதிப் பயனை உடனே கொடுத்துவிடுகிறது. பாதிப் பயன் கிடைத்தவுடன், மீதிப் பாதி உண்டென்ற நினைவே அழிந்துபோகிறது. கணினியை விற்றவர்களும் விளம்பரக்காரர்களும் “கற்க வேண்டியதே இல்லை” என்பதை ஒரு பெருமையாகச் சொல்லிச் சொல்லி, கற்க வேண்டிய பொருள் குறையுள்ள பொருள் என்ற பிரமையை உண்டாக்கிவிட்டார்கள். ஆகவே, கொஞ்சம் கற்றால்தான் இணங்குவேன் என்று சொல்லும் ஓர் இயங்குதளம் எதிர்ப்பட்டால், நம் மனம் அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறது. நாற்பது வயதில், தொழிலில் பேர் பெற்ற ஒருவர், தம்மிடம் வேலை பார்க்கும் பையன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கோப்பைத் திறக்கத் தெரியாமல் விழிப்பது எளிதான காரியமல்ல. அந்த இரண்டு வாரக் கூச்சத்தைத் தாங்குவதற்கு மனத் திண்மை வேண்டும். அதைத் தாங்கிக்கொள்வதற்கு அவகாசம் கொடுக்கும் சூழலும் வேண்டும்.

முறையாகக் கற்பது என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதையும் விளக்கிவிட வேண்டும். பொத்தான்களின் இருப்பிடத்தை அறிவதை நான் கல்வி என்று கொள்வதில்லை. சில மூலக் கருத்துகள் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே வந்து சேரும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் பழகியவர் லினக்ஸுக்கு வந்தவுடன், சி, டி என்ற வட்டுகளைக் காணாமல் திகைக்கிறார். அங்கே எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே மரத்தில் இருக்கின்றன. புதிதாகச் செருகிய பென்டிரைவும் அந்த மரத்தின் ஒரு கிளையில் வந்து பொருந்திக்கொள்ளும். இதை ஒருவர் பத்து நிமிஷம் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் திகைப்பு தீர்ந்துவிடும். சொல்லிக்கொடுப்பாரில்லை என்றால், “இதில் டி டிரைவே இல்லை” என்று மனிதர் எழுந்து போய்விடுவார்.

அடுத்தது அனுமதி என்ற கருத்து. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றையோர் என்ற மூவகையார்க்கும், படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூவகை உரிமைகள் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மென்பொருளை நிறுவுவதற்கு முன் கணினி கடவுச்சொல்லைக் கேட்பதும், இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு தானாக ஓடாமல் நிற்பதும் இதனால்தான். இந்தக் காரணத்தை அறியாதவனுக்கு அது ஓயாத குறுக்கீடு. அறிந்தவனுக்கோ, தன் கணினியின் அமைப்பை மாற்றும் எதுவும் தன் சம்மதமில்லாமல் நடவாது என்ற நிம்மதி. குழந்தைகளும் வேலையாட்களும் கலந்து புழங்கும் ஒரு கடைக் கணினிக்கு இதைவிட வேண்டிய பாடம் எது? நிரல்களைப் பெறும் முறையும் இப்படியே. கண்ட இணையதளத்திலிருந்து இறக்குவதையும், பூட்டுடைத்த பிரதியை நண்பரிடம் வாங்குவதையும் நாம் இயல்பாக்கிக்கொண்டோம். டெபியனின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரல் தொகுப்புகள், சரிபார்க்கப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, ஒரே களஞ்சியத்தில், விலையின்றிக் காத்திருக்கின்றன. ஒரு கட்டளையில் நிறுவலாம், ஒரு கட்டளையில் அனைத்தையும் புதுப்பிக்கலாம். இந்த ஏற்பாட்டின் நேர்மை புரிந்துவிட்டால், திருட்டுப் பிரதியின் மீது ஓர் அருவருப்பே வந்துவிடும்.

லினக்ஸ் குடும்பத்தின் மூதாதையான யூனிக்ஸ், 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்போர் முயற்சியில் பிறந்தது. அதன் முதல் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பரில் தொகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம் எல்லாம் சொன்ன பிறகு, அந்த நிரலில் உள்ள பிழைகளைக் கூறுவதற்கென்றே ஒரு தனித் தலைப்பு. தன் குறையைத் தானே எழுதிவைத்துக்கொண்டு மாணவனை வரவேற்கிற ஒரு பொறியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்றும் லினக்ஸின் முனையத்தைத் திறந்து, ‘மேன்’ என்று அடித்து ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்தால், இணையம் இல்லாமலே அந்தப் பக்கம் திரையில் விரியும். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவான இந்த அமைப்பின் உரிமத்தில், பயன்படுத்தும் உரிமையோடு பயிலும் உரிமையும் எழுத்துமூலம் தரப்பட்டிருக்கிறது. பயிலும் உரிமை பயில்வார் இருந்தாலொழிய வெறுங்காகிதம்.

அமைப்பு ரீதியாக லினக்ஸுக்கு மாற முயன்றவர்களுடைய அனுபவத்திலும் நமக்குப் படிப்பினை உண்டு. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்து ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017ஆம் ஆண்டு நவம்பரில் விண்டோஸுக்கே திரும்புவதென்று அதே மன்றம் வாக்களித்தது. அரசியலும், கோப்புப் பொருத்தமும், ஊழியர் மனக்குறையும் அந்த முடிவில் கலந்திருந்தன. நமக்கு அண்டையிலுள்ள கேரளத்திலோ, 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், பின்னர் கட்டற்ற மென்பொருளையே முழுதாக மேற்கொண்டு, மலையாளத்தில் இயங்கும் தனிப் பதிப்பையே உருவாக்கிக்கொண்டு, இன்று ‘கைட்’ என்ற பெயரில் நிலைபெற்றிருக்கிறது. வித்தியாசம் எங்கே? கேரளத்தில் ஆசிரியர்களுக்குள்ளிருந்தே பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் சக ஆசிரியர்களுக்குக் கற்பித்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அதற்குச் செய்முறைத் தேர்வும் வைத்தார்கள். கணினிப் பெட்டியைவிட ஆசிரியரை நம்பினார்கள் என்று சொல்லலாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அந்தப் பள்ளிக்கூடங்கள்தாம். கொங்கு நாட்டு ஆசிரியர் ஒருவர் ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பலாம்.

தேர்ந்தவர்களும் மறுபடி கற்கலாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சரித்திரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பவானி ஜமக்காளம் ஆதிகாலந்தொட்டு வந்த பொருள் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சீமைத் துணிகள் வந்து உள்ளூர் நெசவை நெரித்தபோது, இங்கிருந்த ஜங்கமர் என்னும் நெசவாளர்கள், முரட்டு நூலில் வண்ணப் பட்டைகள் ஓடும் கனத்த விரிப்பை நெய்யத் தலைப்பட்டார்கள், அதுவே ஜமக்காளம். நூல் வேறு, கனம் வேறு, அகலம் வேறு. அகன்ற ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் ஒரே குழித்தறியில் அமர்ந்து நாடாவை இப்புறமும் அப்புறமும் கைமாற்ற வேண்டும். கைத்தொழிலில் தேர்ந்தவர்கள் மறுபடி கற்பவர்களாக உட்கார்ந்ததனால் வந்த தொழில் அது. 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பெயருக்குப் பின்னால் அந்த உட்காருதல் இருக்கிறது. அவர்களை விரட்டியது நிர்ப்பந்தம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிர்ப்பந்தம் எல்லாரையும் கற்க வைத்துவிடுவதில்லை. அதே நிர்ப்பந்தத்தில் தறியைக் கைவிட்ட ஊர்கள் எத்தனையோ.

மறுபக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. டி.டி.பி. கடைக்காரர் ஒருவர் மாற மறுத்தால், அதில் சோம்பல் மட்டும் இல்லை. இருபது ஆண்டாக அவர் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் வடிவமைத்த பத்திரிகைகளும் மலர்களும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கட்டுண்டு கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தே ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. இருந்தும் அதை விட்டால் பழைய வாடிக்கையாளரின் கோப்பைத் திறக்க முடியாது. 2010ஆம் ஆண்டு ஜூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆணையால் கடைக் கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. ஜமக்காள வியாபாரியின் கணக்கு டேலி என்ற மென்பொருளில் இருக்கிறது; டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. இவர்களிடம் போய் நாளைக்கே மாறுங்கள் என்பது அநியாயம். ஆனால் இந்தத் தடைகள் இல்லாதவர்களும், அதாவது மாணவர்களும், ஆசிரியர்களும், எழுதுகிறவர்களும், கடிதமும் கணக்கும் இணையமும் மட்டுமே வேண்டியவர்களும், இவர்களுடைய தடையைத் தம்முடையதாக இரவல் வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள். டேலியைத் தொட்டே அறியாதவர் டேலிக்காக லினக்ஸை மறுக்கலாமா?

கற்க விரும்புகிறவனுக்குத் தமிழில் நூல் இல்லை என்ற காலமும் போய்விட்டது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது, து. நித்யாவின் ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ விலையின்றிப் படிக்கக் கிடைக்கிறது. யாருடைய உத்தரவுமின்றி, யாருடைய சம்பளமுமின்றி, மொழிமேலும் வித்தைமேலும் கொண்ட பற்றினால் மட்டும் நடக்கும் இத்தகைய காரியங்களை நான் மிக உயர்ந்த தமிழ்த் தொண்டாக மதிக்கிறேன். நூலகங்களில் இந்த நூல்களின் அச்சுப் பிரதிகள் இருக்க வேண்டும்.

ஆயினும் நூலால் மட்டும் ஆகிற காரியம் இதுவல்ல. வேளை குறித்த வகுப்பு வேண்டும், பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் வேண்டும், உடன் தவறு செய்யும் தோழர்கள் வேண்டும், இறுதியில் ஒரு தேர்வும் சான்றிதழும் வேண்டும். இவை அனைத்தையும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்ட தட்டச்சு நிலையம் என்னும் ஸ்தாபனம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. பொருளும் மறுபடி கைக்கு வருகிறது: 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்குவதாக மாநில அரசு அறிவித்தது. ஆகவே பவானியிலும், கோபிசெட்டிபாளையத்திலும், அந்தியூரிலும், குமாரபாளையத்திலும் தட்டச்சு நிலையம் நடத்தும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது இது: காலை வகுப்புகளில் ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒதுக்கி, பழைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸை நிறுவி, கோப்பு மரம், அனுமதி, களஞ்சியம், கையேடு, தமிழ்99 விசைப்பலகை என்று வரிசைப்படுத்தித் தமிழில் கற்பித்துப் பாருங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதற்கு ஓர் இளநிலைத் தேர்வு வைக்க முன்வர வேண்டும். வைக்கும்வரை உங்கள் நிலையத்தின் கையொப்பமே சான்றிதழாக இருக்கட்டும்.